தலை நிமிராமல் கிரகணம் பார்ப்பது எப்படி

என் கடை இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பஜாரில் இருக்கிறது. வெல்டிங் கடை. கேட், ஜன்னல் கிரில், லொறிப் பின்கதவு, தோட்டத்து ஸ்டோரிலிருந்து உடைந்து வரும் இரும்புச் சட்டம், இதுதான் பிழைப்பு. கிரகணம் என்று பத்திரிகையில் வந்துவிட்டால் போதும், ஊர்ப் பிள்ளைகள் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். "மாமா, அந்தக் கறுப்புக் கண்ணாடி ஒன்னு குடுங்க." 2010இல் வந்தார்கள், 2019இல் வந்தார்கள். இரண்டு தடவையும் வந்தது முதல் நாள் சாயங்காலம். அந்த நேரத்தில் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல முடியாது. அதனால் அடுத்த பெரிய கிரகணத்துக்கு இப்போதே எழுதி வைக்கிறேன்.

அது 2031 மே 21, புதன்கிழமை. கங்கண சூரிய கிரகணம். கங்கணம் என்றால் காப்பு, வளையல். சந்திரன் சூரியனுக்கு நேர் நடுவில் வந்து நிற்கும், ஆனால் முழுக்க மூடாது. ஓரத்தில் நெருப்பு வளையம் மிஞ்சும். அந்த நிழல் ஆப்பிரிக்காவில் அங்கோலா, சாம்பியா, தன்சானியா வழியாக வந்து, அரபிக்கடலைத் தாண்டி, கேரளத்தில் கொச்சி, தமிழ்நாட்டில் மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் பக்கமாகப் போய், நம் நாட்டின் வடக்கு முனையைத் தொட்டுக்கொண்டு கிழக்கே மலேசியா, இந்தோனேசியாவுக்குப் போகிறது. பாதையின் அகலம் 150 கிலோமீட்டர் அளவுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நின்றால் வளையம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ நின்றால் வளையம் கிடையாது.

இதைக் கேட்டவுடன் முகம் சுருங்க வேண்டாம். மலையகத்தில் சூரியனின் முகத்தில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பங்கு மறையும். காலை 11.30ஐ ஒட்டித் தொடங்கி, மதியம் 1.15 வாக்கில் உச்சத்துக்கு வந்து, பிற்பகல் 3 மணி வாக்கில் விட்டுவிடும். நிமிடக் கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்; அந்த வருஷப் பஞ்சாங்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சந்திரன் வடக்குப் பக்கமாக மூடிக்கொண்டு போவதால், நமக்குத் தெற்கோரத்தில் மெலிந்த பிறை ஒன்று மிஞ்சும். அதைப் பார்க்கவே இவ்வளவு ஏற்பாடும்.

வளையம்தான் வேண்டும் என்பவர்கள் முதல் நாள் இரவே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறவேண்டும். வவுனியாவரை போனால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். மே மாதம் அங்கே வெயில் கொளுத்தும். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். மற்றபடி கீழே எழுதியிருப்பது எல்லாமே அங்கேயும் செல்லும்.

முதலில் கட்டைவிரல்

கிரகணம் எப்படி வருகிறது என்று கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது சிவனொளிபாதமலையை வைத்துத்தான். மேகம் விலகிய காலையில் கடை வாசலிலிருந்து மலை முனை தெரியும். ஒரு கண்ணை மூடு, கட்டைவிரலை மூக்குக்குக் கிட்ட வைத்து மலையை மறை என்பேன். முழு மலையும் போய்விடும். இப்போது கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நீட்டு. விரல் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் விரலின் இரண்டு பக்கத்திலும் மலை எட்டிப் பார்க்கும். விரலும் அதேதான், மலையும் அதேதான். மாறியது தூரம்.

சந்திரன்தான் அந்த விரல். அதன் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். சூரியன் அதைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது. அதிசயம் என்னவென்றால் ஏறத்தாழ 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன. ஆனால் சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல. கிட்ட வரும்போது 356,500 கிலோமீட்டர் வரை நெருங்கும், எட்டப் போகும்போது 406,700 வரை விலகும். கிட்ட இருக்கும்போது சூரியனுக்கு நேரே வந்தால் முழுவதும் மூடிவிடும், பகல் இருட்டிவிடும். எட்டத்தில் இருக்கும்போது வந்தால் விரல் சிறுத்த கதைதான். 2031இல் சந்திரனின் குறுக்களவு சூரியனுடையதில் 96 சதவீதமாகத்தான் தெரியும். மிச்ச நான்கு சதவீதம்தான் வளையமாக நிற்கும்.

இதையே நிழலாக நினைத்துப் பார்க்கலாம். சந்திரனுக்குப் பின்னால் விழும் கருநிழல் மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி ஒடுங்கிக்கொண்டே வரும். அந்தப் புனலின் நுனி பூமியைத் தொட்டால் முழுக் கிரகணம். பூமிக்கு வந்து சேரும் முன்பே நுனி முடிந்துவிட்டால், அதற்கு அப்பால் திரும்ப விரியும் மங்கல் நிழலில் நிற்பவர்களுக்குக் கங்கணம். நாம் மலையில் நிற்கப்போவது இரண்டிலும் இல்லை. அதைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் அரை நிழலில்.

சூரியனும் ஒரே தூரத்தில் நிற்பதில்லை. ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட இருக்கும், சூரியன் ஒரு துளி பெரிதாகத் தெரியும். அப்படிப் பெரிய சூரியனும் எட்டப் போன சந்திரனும் சேர்ந்து வந்தது 2010 ஜனவரி 15. இந்தியப் பெருங்கடலில் வளையம் 11 நிமிடம் 8 விநாடி நின்றது. அதைவிட நீளமான கங்கண கிரகணம் இனி 3043இல்தான். நமக்கு அன்று மாட்டுப்பொங்கல்.

சரி, அமாவாசைக்கு அமாவாசை ஏன் கிரகணம் வருவதில்லை? சந்திரனின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசையில் சந்திரன் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடும். இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டே இரண்டு. அந்த இடங்களுக்குத்தான் நம் ஆட்கள் ராகு, கேது என்று பேர் வைத்தார்கள். பாம்பு விழுங்குகிறது என்று அப்பாயி சொன்னதைக் கேட்டுச் சிரித்த காலம் எனக்கும் உண்டு. பஞ்சாங்கக்காரர்கள் அந்தப் பாம்பின் தலையும் வாலும் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கிரகணத்தை முன்கூட்டியே எழுதினார்கள் என்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு கணக்கும் உண்டு: 18 வருஷம் 11 நாள் 8 மணி நேரம் கழித்து அதே மாதிரிக் கிரகணம் திரும்ப வரும். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு உருண்டுவிடுவதால் வேறு நாட்டுக்கு மேலே வரும். நமக்கு வரப்போகும் 2031 கிரகணம், 2013 மே 10இல் அவுஸ்திரேலியாவில் தெரிந்ததன் மறுவரவுதான்.

ஆணி ஓட்டை

நான் பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (வராந்தா), மேலே தகரம். தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டைகள். மழைக்கு அதன் கீழே சட்டி வைப்போம். வெயில் நாளில் அதே ஓட்டைகள் வழியாகத் தரையில் வட்ட வட்டமாகக் காசு போட்டதுபோல் வெளிச்சம் விழும். அடுப்புப் புகையில் அந்த வெளிச்சக் கம்பிகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன்.

1980 பெப்ரவரி 16, சனிக்கிழமை. இந்தியாவில் முழுக் கிரகணம், நமக்குப் பாதிக்கு மேல். பின்னேரம் எங்களை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெயில் சரிந்த நேரம் என்பதால் ஓட்டை வெளிச்சம் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. வட்டமாக இருந்த காசுகள் ஒவ்வொன்றும் கடித்த ரொட்டி மாதிரி ஆகிக்கொண்டு வந்தன. எட்டோ பத்தோ, எல்லாம் ஒரே பக்கம் கடிபட்டு. கிரகணத்தைப் பார்க்கக் கூடாதென்று அடைத்து வைத்த பிள்ளைகளுக்கு, சுவர் முழுக்கக் கிரகணம். அம்மா அதற்குத் திட்டவும் முடியவில்லை.

வெல்டிங் பழகிய பிறகுதான் அதன் சங்கதி விளங்கியது. சின்ன ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் ஓட்டையின் உருவத்தைக் காட்டாது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அதன் உருவத்தைக் காட்டும். தகரத்து ஓட்டை சதுரமோ கிழிசலோ, தரையில் விழுவது வட்டம்தான். ஏனென்றால் அது சூரியனின் படம். தலைகீழாக இருக்கும், அவ்வளவுதான். படத்தின் அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு: ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒன்பது மில்லிமீட்டர். பத்தடி உயரத் தகரத்திலிருந்து தரைக்கு வந்தால் பழைய இரண்டு ரூபாய்க் காசு அளவு.

இதனால்தான் புத்தகங்களில் போடும் சப்பாத்துப் பெட்டி வித்தை எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு அடிப் பெட்டிக்குள் விழும் சூரியன் மூன்று மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகு. பிள்ளை அதைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கும். தூரம் வேண்டும்.

கையில் எடுக்க வேண்டியது பால்மா டின் மூடியோ பழைய தகரத் துண்டோ. நடுவில் மெல்லிய ஆணியால் ஒரே தட்டு. ஓட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் போதும். பெரிய ஓட்டை போட்டால் வெளிச்சம் கூடும், படம் கலங்கிவிடும். பின்பக்கம் தூக்கி நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள், கை கிழியும். தகரத்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்து, கீழே இஸ்தோப்புச் சிமெந்திலோ வெள்ளை வேட்டியிலோ விழும் படத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். 2031க்கு ஒரு வசதி இருக்கிறது. மதியம் 1.15க்குச் சூரியன் நம் தலைக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே, சற்று வடமேற்காக நிற்கும். படம் காலடியிலேயே விழும். கூரையில் ஆணி ஓட்டை இருக்கும் லயங்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை. அன்றைக்கு மட்டும் அந்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டுவைத்தால் சரி.

புதன்கிழமை வேலை நாள். அந்த நேரம் அக்காமார் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: நிழல் மரத்தின் கீழ் உட்காருங்கள், தரையைப் பாருங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஆணி ஓட்டைதான். தேயிலைச் செடி மேலும் சாக்கு மேலும் நூற்றுக்கணக்கான பிறைகள் காற்றுக்கு ஆடும். மரம் இல்லாத இடத்தில் இரண்டு கை விரல்களையும் சல்லடைபோல் குறுக்கே கோத்து, அதன் நிழலைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் தேங்காய்ப்பால் வடியையோ இடியாப்பத் தட்டையோ எடுத்துக்கொள்ளலாம். இடியாப்பத் தட்டைச் சுவருக்குக் கிட்ட வைத்தால் ஒன்றும் தெரியாது. ஆளுயரத்துக்குத் தூக்கினால்தான் ஓட்டைக்கு ஒரு பிறை விழும்.

கைக்கண்ணாடியும் மிளகும்

என் கையில் இருக்கும் நல்ல வித்தை இதுதான். 2019இல் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே நேரத்தில் காட்டியது இதை வைத்துத்தான். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று, பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் வாங்குவது போதும். அதன் முகத்தை அட்டையால் மூடி ஒட்டி, நடுவில் ஒரு மிளகு அளவுக்கு மட்டும் வட்டமாக வெட்டி விடுங்கள். ரொட்டிக்குப் பிசையும் கோதுமை மாவை ஒரு உருண்டை பிடித்து, கண்ணாடியை அதில் சாய்வாகக் குத்தி நிறுத்துங்கள். மாவு எந்தப் பக்கம் சாய்த்தாலும் அப்படியே நிற்கும். கல்லும் செங்கல்லும் வைத்து அரை மணி நேரம் போராடிய பிறகு என் மனைவி சொன்ன யோசனை அது.

வாசலில் வெயில் விழும் இடத்தில் அதை வைத்து, வெளிச்சப் புள்ளியைத் திறந்த கதவு வழியாகக் காம்பராவின் பின்சுவருக்கு அனுப்புங்கள். மற்ற ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடிவிடுங்கள். காம்பரா சின்னது என்பதால் கண்ணாடியை வாசலைத் தாண்டி எட்ட வைக்கலாம். கண்ணாடிக்கும் சுவருக்கும் பத்து மீட்டர், அதாவது முப்பது அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால், சுவரில் ஒன்பது சென்ரிமீட்டர் சூரியன். ஒரு சின்னத் தோசை அளவு. சுவர் கரி படிந்திருந்தால் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். சூரியன் நகர்வதால் படமும் சுவரில் ஊர்ந்து போகும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாவை லேசாக அழுத்தித் திருப்ப ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெரியவராக இருக்கட்டும். கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் பிள்ளைகள் குனிந்து ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. மிளகளவு என்றாலும் அதிலிருந்து வருவது சூரியன்தான். அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிடுவது நல்லது.

நாளைக்கே வெயில் அடித்தால் செய்து பாருங்கள். கிரகணம் வேண்டியதில்லை, முழு வட்டம் விழும். மேகம் கடப்பதும் சுவரில் தெரியும். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு டீவி மாதிரி இருக்கிறது என்றார்.

2019 டிசம்பர் 26 அன்று இப்படித்தான் வைத்திருந்தோம். பள்ளிக்கூட விடுமுறை. காலை முழுக்கப் பனி மூடிக் கிடந்து, ஒன்பது மணிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. வடக்கில் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் வளையம் பார்த்த நாள். 9.25க்குச் சுனாமிக்காக நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம். சுவரில் பிறை மெலிந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், நானும் மாவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். 9.27க்குப் பார்த்தால் படம் சுவரை விட்டுக் கதவு நிலைக்குப் போயிருந்தது.

என் கடைக் கண்ணாடியைப் பற்றி

இப்போது எனக்கு வியாபாரம் கெடும் பகுதி. வெல்டிங் கண்ணாடிகள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரிக் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு எண் இருக்கிறது. காஸ் வெட்டுக்குப் போடும் பச்சைக் கண்ணாடி 5. கரண்ட் வெல்டிங்குக்கு நான் போடுவது 10 அல்லது 11. சூரியனுக்குக் குறைந்தது 12 வேண்டும், 14 இருந்தால் கண்ணுக்கு இதம். எண் ஒன்று ஏறினால் உள்ளே வரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அப்படியானால் 5க்கும் 14க்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 5 நூற்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சூரியனை நேரே பார்க்கும் கண்ணாடி இலட்சத்தில் மூன்று பங்குக்கு மேல் விடவே கூடாது.

இரண்டு ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பத்து ஆகிவிடும் என்று ஒரு பாஸ் (மேஸ்திரி) எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆகாது, ஒன்பதுதான் ஆகும்.

2010இல் என் தங்கச்சி மகன் கடையில் கூடமாட நின்றான். பொங்கலுக்கு மறுநாள், வேலை குறைவு. காஸ் கண்ணாடியும் வெல்டிங் கண்ணாடியும் ஒரே ஆணியில் தொங்கும். அப்படித் தொங்கவிட்டவன் நான். அவன் எட்டி எடுத்தது பச்சையை. பின்பக்கத்தில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தானோ தெரியவில்லை. அன்று இரவு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான். மறுநாள் காலையில், "மாமா, உங்க மூக்கு மட்டும் தெரியல" என்றான். எங்கே பார்க்கிறானோ அந்த இடத்தில் ஒரு புகை வட்டம். புத்தகத்தில் ஒரு எழுத்தைப் பார்த்தால் அந்த எழுத்து மட்டும் இருக்காது, பக்கத்து எழுத்து இருக்கும். மாதக்கணக்கில் அப்படி இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. இன்றைக்கும் வலது கண்ணை மட்டும் வைத்து ஊசியில் நூல் கோர்க்க மாட்டான்.

வெல்டிங்காரனுக்குக் கண் சுடுவது புதிதல்ல. கண்ணாடி இல்லாமல் தீப்பொறியைப் பார்த்துவிட்டால் அன்று இரவு கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் இருக்கும், தண்ணீர் ஓடும், தூக்கம் வராது. அது கண்ணின் வெளித்தோலில் படும் சூடு. இரண்டு நாளில் ஆறிவிடும். சூரியன் சுடுவது உள்ளே, கண்ணின் பின்சுவரில், விழித்திரையில். அங்கே வலி தெரியும் நரம்பு இல்லை. எரியாது, உறுத்தாது, அதனால் ஆள் பார்த்துக்கொண்டே இருப்பான். கிரகண நேரத்தில் வெளிச்சம் மங்கிக் கூச்சமும் குறைந்துவிடுவதால் இன்னும் தைரியம் வரும். மிஞ்சிய பிறை மெல்லியதாக இருந்தாலும் அதன் சூடு முழுச் சூரியனின் சூடுதான்.

முழுக் கிரகணத்தில் சூரியன் முழுக்க மறைந்த அந்தச் சில நிமிடம் வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பது உண்மை. கங்கணத்தில் அப்படி ஒரு நிமிடம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் வளையத்துக்கு நேர் கீழே நிற்பவருக்கும் இல்லை.

ஆக, நேரே பார்க்கத்தான் வேண்டும் என்றால் கிரகணத்துக்கென்றே விற்கும் அட்டைக் கண்ணாடி வாங்குங்கள். அதில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சடித்திருக்க வேண்டும். அச்சு இருந்தால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம்: வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள், எரியும் பல்பு மங்கலாகத் தெரியலாம், சுவரும் ஆளும் தெரிந்தால் குப்பைக்குத்தான். கீறலோ ஊசி ஓட்டையோ இருந்தாலும் அப்படியே. குனிந்து போட்டுக்கொண்டு நிமிர வேண்டும், குனிந்துதான் கழற்ற வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது. தானாகக் கறுக்கும் புது வெல்டிங் முகமூடிகள் வந்திருக்கின்றன, நானும் ஒன்று வாங்கினேன். அவை தீப்பொறிக்குச் செய்தவை, சூரியனுக்கு நம்பாதீர்கள்.

எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடி, சீடி, கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டாம். வாளித் தண்ணீரில் சாணியோ மஞ்சளோ கரைத்துப் பார்ப்பது எங்கள் தோட்டத்தில் பழைய வழக்கம். தண்ணீர் மேற்பரப்பு திருப்பி அனுப்புவதும் நூற்றில் இரண்டு பங்கு. என் பச்சைக் கண்ணாடி அளவுதான். அந்த வாளியையும் விட்டுவிடுங்கள்.

மேகம்

மலையகத்தில் கிரகணத்துக்கு உண்மையான எதிரி ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து சேரும் காலம். மஸ்கெலியா, ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கம் அந்தக் காற்றுக்கு முகம் காட்டி நிற்கும் சரிவுகள். காலையில் வெளுத்திருந்தாலும் மதியத்துக்குள் மேகம் ஏறிவிடும். பருவக்காற்று முந்திக்கொண்டால் அன்று முழுக்கத் தூறல்தான்.

அதனால் இரண்டாவது ஏற்பாடு ஒன்று கையில் இருக்கட்டும். ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, வெலிமடை, பதுளை, மலைக்கு மறுபுறம் இருப்பதால் அந்தக் காற்றில் காய்ந்து கிடக்கும். பட்டிப்பொல தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் மழையும், வெளியே வரும்போது அந்தப் பக்கம் வெயிலும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்டாரவளையில் சொந்தக்காரர் இருந்தால் 20ஆம் தேதியே போய்ச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள். எனக்கு அங்கே ஒரு மச்சான் இருக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது.

மேகம் மெல்லியதாக இருந்தால் அதற்குள்ளே பிறை வெறுங்கண்ணுக்கே தெரியும். அப்போதும் பார்க்க வேண்டாம். மேகம் எந்த நொடியில் விலகும் என்று யாருக்கும் தெரியாது. முழுக்க மூடிவிட்டால் ஒன்றே ஒன்று பார்க்கலாம்: 1.15ஐ ஒட்டி வெளிச்சத்தின் நிறம் மாறும். சாயங்கால மங்கல்போல் மஞ்சளாக இருக்காது, ஈயம் பூசியதுபோல் வெளிறி இருக்கும். காற்று சில்லென்று ஆகும். வெயில் இருக்கும் இடத்தில் உங்கள் கை நிழலைப் பாருங்கள். ஒரு பக்க ஓரம் கத்தியால் வெட்டியதுபோலவும் மற்றது கலங்கியும் இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் கர்ப்பிணிகளைப் பற்றியும் கேட்பார்கள். கிரகண வெளிச்சத்தில் தனி விஷம் எதுவும் இல்லை. மற்ற நாளில் வரும் அதே வெயில்தான், அளவில் குறைவு. கோயில் சாத்துவது, முடிந்தபின் குளிப்பது எல்லாம் அவரவர் வழக்கம், நானும் குளிப்பேன். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பட்டினி போட்டுக் கதவடைத்து வைக்காதீர்கள். அவளையும் காம்பராவுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து, சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் வானத்துக்கு நீட்ட வேண்டாம், சுவரில் விழும் படத்தை எடுங்கள். அதுதான் தெளிவாக வரும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளின் முகமும் சேர்ந்து வரும்.

2031 மே 21 அன்று என் கடையைப் பதினொரு மணிக்குப் பூட்டிவிடுவேன். பச்சைக் கண்ணாடி இப்போது உள்ளே பெட்டியில் இருக்கிறது, சாவி என்னிடம். கண்ணாடி கேட்டு வருகிறவர்களுக்குக் கதவுக்கு வெளியே ஒரு வாளி நிறையத் தகரத் துண்டும், பக்கத்தில் ஒரு சுத்தியலும் ஆணியும் இருக்கும். ஒரு தட்டுத் தட்டி எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். சுத்தியலை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்.